தலைமேல் வைப்போம், கண்ணுக்குள் வைப்போம்

ஸல்த் என்கிற அரபு மலைநகரத்தில் பேச்சால் அசைக்க முடியாத மனிதன் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் பெயர் ராகான். வயது இருபத்தொன்று. மக்கள் தொடர்பியல், மூன்றாம் ஆண்டு.

இதை வேறு யாரும் சொல்லவில்லை. அவனேதான் சொன்னான், வெள்ளிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்து. கண்ணாடி மறுக்கவில்லை.

"என்கிட்ட யாரும் எதையும் வித்துட முடியாது. வார்த்தைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கற ஆளை நான் பார்த்துடுவேன்."

"கதவுக்குப் பின்னால ஒரு ஆள் அரைமணி நேரமா நிக்கறேன். அதைப் பாரு முதல்ல," என்று வெளியிலிருந்து அக்கா ஷதாவின் குரல் வந்தது.

ஷதா இந்த வீட்டில் விருந்தாளி இல்லை, குடியிருப்பவளும் இல்லை. போன வாரங்களில் இந்தத் தொடரோடு கூட வந்தவர்களுக்குத் தெரியும்: கோடை தொடங்கிய கையோடு ஒரு பெட்டியும் கண் சோதிக்கிற கண்ணாடி வில்லைகள் அடங்கிய தோல்பையுமாகப் புருஷன் வீட்டிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். புருஷன் ஐஹம் கெட்டவன் இல்லை. அவன் அம்மா உம்மு ஐஹமும் கெட்டவள் இல்லை. மருமகள் கடைத்தெருவில் உட்கார்ந்து கண்ட ஆண்களின் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு இனிப் போகவேண்டாம் என்றாள். ஐஹம் வாயைத் திறக்கவில்லை. ஷதா பெட்டியைத் திறந்தாள்.

கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைப் புருஷன் தனியாக வந்து கூட்டிப்போக முடியாது. பெரிய மனிதர்களைத் திரட்டி, ஜாஹா என்கிற தூதுக்குழுவாக வரவேண்டும். வருபவர்கள் முன்னால் கசப்புக் காப்பி வைக்கப்படும். பெண்ணின் தகப்பன் "குடியுங்கள்" என்று சொல்லும்வரை ஒருவரும் கிண்ணத்தைத் தொடமாட்டார்கள். அவர் சொல்லிவிட்டால் கேட்டது கிடைத்துவிட்டது. சொல்லாவிட்டால் காப்பி ஆறும், அதோடு சேர்ந்து ஒரு குடும்பமும் ஆறும்.

அந்த ஜாஹா இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வருகிறது. பேசப்போகிறவர் அபூ தைசீர். அவர் பேசிக் காப்பி ஆறிய வீடு இந்த மலைப்பக்கத்தில் கிடையாது என்பார்கள்.

ராகானுக்கு அது கவலையாக இல்லை. கவலை அவனுடைய அப்பாவைப் பற்றித்தான்.

அபூ ராகான் பீரங்கிப் படையில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பீரங்கிச் சத்தத்துக்குக் கண் சிமிட்டாதவர். ஆனால் வானொலியில் யாராவது குரலைத் தாழ்த்தி "அன்பான நேயர்களே" என்றால் போதும், கைக்குட்டையைத் தேடுவார்.

அன்று காலையே ஒரு சம்பவம். தர்ப்பூசணி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு தெருமுனைக்கு வந்தான். ஒரு பழம் வாங்கப் போன அப்பா இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்றாக இரண்டோடு படியேறி வந்தார்.

"எதுக்கு யாபா ரெண்டு?"

"ரெண்டாவது என் மீசைக்காகக் குடுத்தான்."

"சும்மாவா?"

"காசுக்குத்தான். ஆனா வேற யாருக்கும் குடுக்கமாட்டேன், உங்க மீசைக்காகத்தான்னான்."

ராகான் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவை உட்காரவைத்தான். "இதுக்குப் பேரு தேன் தடவல். அடுத்து, ஒரு பழத்தை வெட்டிக் காட்டினானா?"

"காட்டினான். ரத்தச் சிவப்பு."

"அதையா உங்களுக்குக் குடுத்தான்?"

அப்பா யோசித்தார். "இல்ல. அது அவன் வண்டியிலயே இருக்கு."

"இருக்கும். நாளைக்கும் இருக்கும். அப்புறம், உங்க தெருவே வாங்கிடுச்சுன்னு சொன்னானா?"

"கடைசி ரெண்டுதான் பாக்கின்னான்."

"வண்டி நிறைய இருந்துச்சே யாபா."

"அதெல்லாம் வேற ஆளுங்க சொல்லி வச்சதாம்." அப்பா கத்தியை எடுத்துப் பழத்தைப் பிளந்தார். உள்ளே நல்ல சிவப்பு. ஒரு துண்டை மகனிடம் நீட்டினார். "இனிக்குதா இல்லையா?"

ராகான் தின்றான். "அது வேற விஷயம்," என்றான், விதையைத் துப்பிவிட்டு.

மத்தியானம் அடுக்களையில் அம்மா ஏலக்காய் இடித்துக்கொண்டிருந்தாள். ஷதா கிண்ணங்களைத் துடைத்து வைத்தாள். கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணங்கள். வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றுவது வீட்டின் இளைய ஆண்பிள்ளை வேலை. அதாவது ராகானுடையது.

"இங்க வா. ஒரு வேலை இருக்கு உனக்கு," என்றாள் ஷதா.

"தெரியும். அந்தாள் சொல்ற ஒவ்வொண்ணையும் உரிச்சு..."

"உரிக்க வேண்டாம். கேட்டா போதும்." அவள் துணியைக் கீழே வைத்தாள். "நான் திரும்பிப் போகணும்னுதான் நினைக்கறேன். ஐஹம் இல்லாம எனக்குத் தூக்கம் வரல. சிரிக்காதே. ஆனா வேலையை விடமாட்டேன். அவ கடைக்குப் போவான்னு அந்த வீட்டு ஆம்பளை ஒருத்தர் நாலு பேர் முன்னால வாயால சொல்லணும். ஜாஹாவுல சொன்ன சொல்லை அப்புறம் யாரும் மாத்தமுடியாது. மாமியும் மாத்தமாட்டாங்க."

"அபூ தைசீர் சொல்லமாட்டார். அவர் மேகம், மழை, மணம்னு போவார்."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். நான் அந்த அறைக்குள்ள வரமுடியாது. நடுவுல கூஜாவை நிரப்ப வர்ற மாதிரி இங்க வா. சொன்னாங்களா இல்லையான்னு மட்டும் எனக்குச் சொல்லு. சொன்னா யும்மா கதவைத் தட்டுவாங்க, யாபா குடிங்கன்னு சொல்லுவார். சொல்லலன்னா யாபாவே அதைக் கேப்பார். அவர்கிட்ட பேசியாச்சு. நீ வாயைத் திறக்கக்கூடாது."

"யாபா அதுக்கு முன்னாலயே அழுது குடிங்கன்னு சொல்லிட்டார்னா?"

அம்மா இடிப்பதை நிறுத்தினாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

அஸர் முடிந்து அவர்கள் வந்தார்கள். ஸல்த்தின் இந்த மலைச்சரிவில் யார் வீட்டுக்கும் கார் வராது. கீழே தெருவில் நிறுத்திவிட்டு மலைப்படிகளில் ஏறித்தான் வரவேண்டும். பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாரும் வாங்காததுபோலக் காட்டிக்கொண்டு. கடைசியில் ஐஹம், புதுச் சட்டையில், பரீட்சைக்கு வந்தவன் மாதிரி.

ராகான் இடக்கையில் கூஜாவும் வலக்கையில் கிண்ணங்களுமாகச் சுற்றி வந்தான். அபூ தைசீர் கிண்ணத்தை வாங்கி, தொடாமல், முன்னாலிருந்த முக்காலியில் வைத்தார். அதைப் பார்த்து எல்லாக் கிண்ணங்களும் கீழே இறங்கின.

ஒல்லியான மனிதர். குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது.

"அபூ ராகான்," என்று ஆரம்பித்தார். "ஆட்டுக்காரன் மழையைத் தேடிப் போவான். நாங்களும் அப்படித்தான் வந்திருக்கோம். மேகம் உங்க கூரைமேல நிக்குது. எங்க நிலம் வெடிச்சுக் கிடக்குது. ஷதா இங்க வந்ததுல இருந்து அந்த வீட்ல ரொட்டி வேகுது, மணக்கல. விளக்கு எரியுது, வெளிச்சம் இல்ல. கோபிச்சுட்டுப் பிறந்த வீட்டுக்கு வராத பொண்ணு இந்த ஊர்ல யாரு? இங்க உக்காந்திருக்கற எல்லார் வீட்லயும் நடந்ததுதான். எல்லாரும் திரும்பித்தான் போனாங்க. அவளை எங்க தலைமேல வைப்போம். கண்ணுக்குள்ள வைப்போம். நெஞ்சுல வச்சுப் பூட்டுவோம். உங்க வாப்பா, அந்தப் பெரிய மனுஷன், இன்னைக்கு இங்க உக்காந்திருந்தா, வந்தவங்களை இவ்வளவு நேரம் தாகத்தோட வச்சிருப்பாரா?"

 நேர்மையாகச் சொன்னால், ராகானுக்கே ரொட்டி விஷயத்தில் தொண்டைக்குள் என்னவோ செய்தது. அதை அவன் ஏலக்காய் என்று எடுத்துக்கொண்டான்.

அப்பாவைப் பார்த்தான். மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டை வெளியே வந்துவிட்டது. உதடுகள் "கு" என்பதற்காகக் குவிந்தன.

"ஒரு நிமிஷம், யாபா," என்றான் ராகான்.

கூஜாவோடு நின்ற பிள்ளை ஜாஹாவில் பேசி இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாத் தலையும் திரும்பியது.

"மாமா, அழகா பேசினீங்க. ஒரு சந்தேகம். அக்காவைத் தலைமேல வைப்பீங்க, கண்ணுக்குள்ள வைப்பீங்க, நெஞ்சுல வச்சுப் பூட்டுவீங்க. சரி. வேலை வாரம் தொடங்கற ஞாயித்துக்கிழமை காலைல அவ கண்ணாடிக் கடைக்குக் கிளம்பணும். இதுல எந்த இடத்துல இருந்து அவ இறங்கிப் போறது?"

ஓரத்தில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். ஐஹம் நிமிர்ந்தான். "அவ வேலைக்கு..." என்று ஆரம்பித்தான்.

இங்கே நிறுத்தியிருந்தால் இந்தத் தொடர் இந்த வாரத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ராகானுக்கு வகுப்பில்கூட இவ்வளவு பேர் ஒரேயடியாகக் காது கொடுத்ததில்லை.

"இருங்க மச்சான், இன்னும் முடியல," என்றான். "ரொட்டி மணக்கல, விளக்கு வெளிச்சமில்லங்கறது சோகப் பூச்சு. எல்லாப் பொண்ணுங்களும் போனாங்கங்கறது ஊரோட ஓடற வண்டி, ஏறலன்னா நாமதான் குத்தவாளி. கடைசியா, எங்க தாத்தா. இதுக்குப் பேரு செத்தவர் சிபாரிசு. அவர் எழுந்து வந்து மறுத்துப் பேசமுடியாது பாருங்க, அதனால இது எப்பவும் செல்லும். மொத்தப் பேச்சுலயும் யார் என்ன செய்வாங்கன்னு ஒரு வரி இல்ல. மேகம் நிக்குது, நிலம் வெடிக்குது. மனுஷங்க யாரும் எதுவும் செய்யல."

சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அபூ தைசீர் எழுந்தார். கோபப்படவில்லை. அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"அபூ ராகான், உங்க வீட்ல படிச்ச பிள்ளை இருக்கறது தெரியாம வந்துட்டோம். வந்த வழி எங்களுக்குத் தெரியும்."

"உக்காருங்க, உக்காருங்க, சின்னப் பையன்," என்று அப்பா கைகளை நீட்டினார். ஆனால் ஒருவர் எழுந்தபின் எல்லாரும் எழுந்தாயிற்று. ஐஹம் கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். யாரோ அவன் முதுகில் கைவைத்து வெளியே நடத்தினார்கள்.

ராகான் கூஜாவைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனான். ஜெயித்துவிட்டவனின் நடை.

"கேட்டுட்டேன். நேருக்கு நேரா கேட்டுட்டேன்," என்றான்.

ஷதா கதவோரச் சுவரில் சாய்ந்து நின்றாள். "எல்லாம் காதுல விழுந்துச்சு. பதில் சொன்னாங்களா?"

"பதில் இல்லாமத்தானே எழுந்து போனாங்க."

"ஐஹம் 'அவ வேலைக்கு'ன்னு ஆரம்பிச்சார்."

ராகான் கூஜாவைக் கீழே வைத்தான்.

"கல்யாணம் ஆனதுல இருந்து அந்த மனுஷன் பத்துப் பேர் முன்னால வாயைத் திறந்து நான் கேட்டதே இல்ல. இன்னைக்குத் திறந்தார். நீ அவரை இருங்கன்னு சொல்லிட்டே." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அவர் 'வேலைக்குப் போகக்கூடாது'ன்னு சொல்ல வந்திருந்தா?"

"சொல்லட்டுமே. எனக்குத் தெரிஞ்சிருக்குமே." அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், மறுபடி மடித்தாள். "இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கும் தெரியாது."

வரவேற்பறையில் அம்மாவின் குரல் கேட்டது. "காப்பி குடிக்காம அவங்க வீடு போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் இந்த வாசலுக்கு யாரும் வரமாட்டாங்க. நேரா வக்கீல்தான்." அப்பா கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டார். நிறைந்த கிண்ணங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இப்போது அழவில்லை. அதுதான் ராகானைக் கலக்கியது.

வீட்டுச் செருப்போடு படிகளில் ஓடினான்.

கீழே கார்கள் கிளம்பமுடியாமல் நின்றன. எதிரே ஒரு தண்ணீர் லாரி, ஒதுங்க இடமில்லை, யார் பின்னால் போவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. முதல் காரில் அபூ தைசீர், கண்ணாடி இறங்கியிருந்தது.

"மாமா, மன்னிச்சுக்கோங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, தர்க்கப்படி பார்த்தா..."

கண்ணாடி ஏறியது.

ராகான் தட்டினான். பாதி இறங்கியது. "உண்மையில நான் உங்களைக் குறை சொல்லல. நீங்க கையாண்ட உத்தியை..."

மறுபடி ஏறியது.

லாரிக்காரன் ஒருவழியாகப் பின்னோக்கி நகர ஆரம்பித்தான். பாதை திறந்துகொண்டிருந்தது. ராகான் இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டான், கார் அதனால் நின்றுவிடும் என்பதுபோல. பிறகு என்ன சொன்னான் என்பதை அவனே வேறொருவன் சொல்வதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்க எழுந்ததும் அந்த வீடு கூடாரக் கம்பம் உருவின மாதிரி ஆயிடுச்சு. எங்க யாபா துணி மாதிரி கிடக்கறார். அவர் படையில இருந்தப்பகூட யாரும் அவரை இப்படிப் பார்த்ததில்ல. பிள்ளை புத்தியில்லாம ஒரு கல்லை எறிஞ்சா பெரியவங்க தோட்டத்தையே வெட்டிடுவாங்களா? எங்க தாத்தா இருந்திருந்தா என்னைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உங்க முன்னால நிறுத்தியிருப்பார்."

கண்ணாடி முழுவதும் இறங்கியது. அபூ தைசீர் அவனை ஆர்வமாகப் பார்த்தார், ஒரு கசாப்புக்காரர் இன்னொருவர் வெட்டிய இறைச்சியைப் பார்ப்பதுபோல.

"உங்க தாத்தாவை நான் பார்த்ததே இல்ல," என்றார்.

"நானும்தான் மாமா."

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. டிரைவரைப் பார்த்து எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

ராகானுக்குச் சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. சொன்ன கம்பம், துணி, கல், தோட்டம் எதையும் அவன் யோசித்துச் செய்யவில்லை. அதில் எதுவும் பொய்யாகவும் இல்லை. அப்பா உண்மையிலேயே துணி மாதிரித்தான் கிடந்தார். அதை வேறு எப்படிச் சொல்வதென்று மூன்றாண்டுப் படிப்பில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"நான் திரும்பி வர்றேன். ஆனா நான் வந்தா மட்டும் போதாது," என்று அபூ தைசீர் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினார். "அந்த வெள்ளைக் கார்ல பாரு."

ஜாஹாவுக்குப் பெண்கள் வருவதில்லை. உம்மு ஐஹமும் வரவில்லை. கீழே காரில், வியர்த்துக்கொண்டு, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஐஹம். மேலே நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டான் என்பது அவள் கைப்பையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

ராகான் போய்க் குனிந்தான். ஐஹம் கண்ணாடி வழியே அவனைப் பார்த்தான். உதடு ஏதோ ஒரு சொல்லுக்காகப் பிரிந்தது, அம்மாவைப் பார்த்து மூடிக்கொண்டது. அந்தச் சொல் என்ன என்று கேட்க ராகானுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. தானாக வரட்டும் என்று ஒருமுறை காத்துப் பார்த்தான். வரவில்லை.

பின் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது.

"என்ன?" என்றாள் உம்மு ஐஹம்.

"மாமி, நீங்க கீழ உக்காந்திருக்கறது தெரியாம நாங்க மேல காப்பி ஊத்திட்டு இருந்தோம். சூரியனைத் தெருவுல நிறுத்திட்டு வீட்டுக்குள்ள மெழுகுவத்தி ஏத்தின மாதிரி."

அவள் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். "இதையெல்லாம்தான் காலேஜ்ல சொல்லிக் குடுக்கறாங்களா?"

"இல்ல மாமி. அங்க வேற சொல்லிக் குடுக்கறாங்க."

அவள் அவன் தோளுக்கு மேலாக மலையைப் பார்த்தாள். படிகள் வளைந்து வளைந்து, வீடுகளுக்கு நடுவே மேலே போய்க்கொண்டே இருந்தன.

"அந்தப் பொண்ணு அழுதாளா?"

"அழல மாமி. துணி மடிச்சிட்டிருக்கா."

உம்மு ஐஹம் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். மற்ற காலை இன்னும் வைக்கவில்லை. "எத்தனை படி இருக்கு?"

ராகான் தன் கையை நீட்டினான்.

"நீங்க ஏறினா பாதிதான் இருக்கும்," என்றான்.